‘என்ஃபிரான்சைஸ்’ – ஒரு சட்டச் சொல்லின் வரலாறு

சென்னையை அடுத்த பரங்கிமலையையும் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையையும் நம் இளைஞர்களில் அறியாதார் இரார். ஐரோப்பியரைப் பரங்கியர் என்று நம் முன்னோர் அழைத்தனர். அச்சொல் தமிழில் பிறந்ததன்று. உரோமப் பேரரசு தளர்ந்த காலத்தில், இன்றைய பிரான்சு நாட்டை வென்று ஆண்ட பிராங்கு இனத்தாரின் பெயர், அரபும் பாரசீகமும் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்த வடிவமே பரங்கி என்பது. அதே இனப்பெயர் வேறொரு வழியாக ஆங்கில நாட்டின் சட்ட நூல்களுக்குள்ளும் புகுந்தது. வென்ற இனத்தார்க்கே முழு உரிமையும் உண்டு என்றிருந்த நாட்டில் பிராங்கு என்றாலே உரிமையுடையவன் என்று பொருளாயிற்று. அதனடியாகப் பழைய பிரெஞ்சு மொழியில், உரிமையில்லாதானை உரிமையுடையவன் ஆக்குதல் என்னும் பொருளில் ஒரு வினைச்சொல் தோன்றியது. அது ஆங்கிலச் சட்டத்தில் ‘என்ஃபிரான்சைஸ்’ என வழங்கலாயிற்று. ஆளும் இனத்தின் பெயரே விடுதலைக்கும் பெயராக நின்ற இந்தச் சொல்லை நாம் ஈண்டு ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. நம் மக்கள் வாக்குரிமை பெற்ற வரலாறு இச்சொல்லின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

இடைக்கால இங்கிலாந்தில் பண்ணை நிலத்தோடு கட்டுண்டு கிடந்த உழவனுக்கு ‘வில்லீன்’ என்று பெயர். பண்ணை என்று பொருள்படும் ‘வில்லா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அவன் பண்ணையை விட்டு நீங்கலாகாது. கூலியின்றி ஆண்டைக்கு வாரத்தில் சில நாள்கள் உழைத்தாக வேண்டும். மகளை மணம் செய்து கொடுக்கவேண்டுமாயின் ஆண்டைக்குப் பணம் கட்ட வேண்டும். அவன் இறந்தால் வீட்டிலுள்ள மாடுகளில் சிறந்தது ஆண்டையைச் சேரும். அவன் தேடிய பொருளை ஆண்டை எப்போது வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளலாம்; கேட்பதற்கு அரசனின் நீதிமன்றம் இல்லை. கீழத் தஞ்சையின் பண்ணையாள் முறையைக் கேட்டறிந்த நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

இந்த வில்லீன் என்ற சொல்தான் காலப்போக்கில் ‘வில்லன்’ ஆயிற்று. நாம் திரைப்படங்களில் காணும் அதே வில்லன்தான். பாடுபட்ட ஏழை உழவனின் பெயரைக் கயவனின் பெயராக மாற்றியவர்கள் அவனை அடக்கி வைத்திருந்தவர்களே. நம் மக்களுள் ஒரு பிரிவினரின் பெயரை ஆங்கிலேயர் கடன்வாங்கி, ஒதுக்கப்பட்டவன், இழிந்தவன் என்ற பொருளில் தம் அகராதியில் ஏற்றிக்கொண்டதை நாம் அறிவோம். தம் நாட்டு உழவனுக்கு முன்னரே அவர்கள் அதைச் செய்து பழகியிருந்தனர்.

வில்லீன் தன் மகனைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் ஆண்டையின் இசைவு வேண்டியிருந்தது. இசைவின்றி அனுப்பியவர்களிடம் தண்டம் வாங்கிய குறிப்புகள் பண்ணை மன்றப் பதிவேடுகளில் காணப்படுகின்றன. படித்தவன் மதகுருவாகிப் பண்ணையை விட்டுப் போய்விடுவான் என்பதே அச்சத்தின் காரணம். 1381-ஆம் ஆண்டு வாட் டைலர் முதலானோர் தலைமையில் உழவர்கள் கிளர்ந்தெழுந்து, தம் அடிமைத்தனம் எழுதப்பட்டிருந்த பதிவேடுகளைப் பல ஊர்களில் தீயிட்டனர். இலண்டனுக்கு வெளியே மைல் எண்ட் என்னுமிடத்தில் அரசன் இரண்டாம் ரிச்சர்டு அவர்களைச் சந்தித்து விடுதலைப் பட்டயங்களை எழுதித் தந்தான். மூன்று வாரம் கழிவதற்குள் அவை செல்லாவென்று அறிவித்தும் விட்டான். பத்தாண்டு கழித்து, 1391-இல், வில்லீன்கள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாகாது என்று தடைசெய்யுமாறு நாடாளுமன்றத்தின் மக்களவை அரசனிடம் முறையிட்டது. அம்முறையீடு ஏற்கப்படவில்லை. 1406-ஆம் ஆண்டுச் சட்டமொன்றில், எந்த நிலையிலுள்ள ஆணும் பெண்ணும் தம் மகனையோ மகளையோ தாம் விரும்பிய பள்ளியில் சேர்க்கலாம் என்ற விதி இடம்பெற்றது. வில்லீன் சட்டப்படி விடுதலை பெறுமுன்னரே அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தின் கதவு திறந்தது. கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் இந்த ஆண்டைக் குறித்து வைத்தல் தகும்.

இனி அந்த வினைச்சொல்லுக்கு வருவோம். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லிட்டில்டன் என்னும் நீதிபதி நிலவுரிமை பற்றி ஒரு நூல் எழுதினார். பின்னர் 1628-இல் எட்வர்டு கோக் என்பார் அதற்கு விரிவான உரை வகுத்தார். வழிவழியாக ஆங்கில வழக்கறிஞர்கள் பாடமாகப் படித்தவை இவை. வில்லீன் எவ்வெவ்வாறு உரிமையாளன் ஆவான் என்பதை லிட்டில்டன் கூறுமிடம் நம் கருத்தைக் கவர்வது. ஆண்டை அவனை விடுவித்ததாக வெளிப்படையாகப் பத்திரம் எழுதித் தருவது ஒருவழி. அதுவல்லாமல், ஆண்டை தான் அறியாமலேயே அவனை விடுவித்துவிடவும் கூடும். இன்ன தொகை உனக்குத் தரக் கடமைப்பட்டுள்ளேன் என்று வில்லீனுக்கு ஒரு கடன்பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும். அவன் உரிமையாளன் ஆகிவிடுவான். இத்தனை ஆண்டுக்கு என்று நிலத்தைப் பத்திரம் எழுதிக் குத்தகைக்கு விட்டாலும் அவ்வாறே. அவன்மீது நிலத்துக்கு வழக்குத் தொடுத்தாலும் அவ்வாறே. காரணம் எளிது. அடிமையின் பொருளெல்லாம் ஆண்டையின் பொருளே என்றால், அவனோடு ஒப்பந்தம் எதற்கு? அவன்மேல் வழக்கு எதற்கு? ஒப்பந்தம் செய்தபோதே, வழக்காடியபோதே, அவன் தனக்கு எதிர்நிற்கத் தக்க மனிதன் என்று ஆண்டை ஒப்புக்கொண்டதாகச் சட்டம் கருதியது. ஒருவன் பெயரைப் பத்திரத்தில் எதிர்த்தரப்பாக எழுதுவதே அவனை விடுதலை செய்துவிடும் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் ஆதிக்கம் செலுத்துவோர் எழுத்துக்கு ஏன் அஞ்சினர் என்பதை இவ்விதி காட்டிவிடுகிறது.

இவ்வளவு நுட்பம் இருந்தும் அந்தச் சொல்லில் ஒரு குறை இருந்தது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று நாம் பள்ளியில் படித்தோம் அல்லவா? ‘என்ஃபிரான்சைஸ்’ என்னும் பயனிலைக்கு எழுவாயாக நிற்பவன் எப்போதும் ஆண்டைதான்; அடிமை செயப்படுபொருளாகவே நிற்பான். தன்னைத்தானே உரிமையாளன் ஆக்கிக்கொள்வதற்கு அச்சொல்லில் இடமில்லை. கொடுப்பவன் கையில் சொல் இருக்குமானால் விலையும் அவன் சொல்லும் விலையாகத்தான் இருக்கும். 1574-இல் அரசி எலிசபெத்து, கார்ன்வால், டெவன், சாமர்செட், குளோஸ்டர் ஆகிய நான்கு வட்டாரங்களில் எஞ்சியிருந்த அரசு அடிமைகளை விடுவிக்க பர்லி பிரபு, சர் வால்டர் மில்டுமே ஆகிய இருவரை அமர்த்தினார். மேற்பார்வைக்கு இது அருளாணை. நடைமுறையில், ஒவ்வோர் அடிமையின் நிலபுலன்களையும் கணக்கெடுத்து, அவரவர் வசதிக்கேற்ற தொகையைக் கறந்துகொண்டு விடுதலைப் பத்திரம் வழங்கும் வருவாய்த் திட்டம். செல்வம் சேர்த்திருந்த அடிமையைத் தேடிப்பிடித்து விடுவித்தனர். ஏதுமற்றவனைத் தேடியவர் இலர்.

ஆள் விடுதலையான பின்னும் நிலம் விடுதலையாகவில்லை. வில்லீன் உழுத நிலத்தின் உரிமை பண்ணை மன்றப் பதிவேட்டில் எழுதப்பட்டு, அதன் நகலே அவன் கையில் சான்றாக இருந்தது. அதனால் அதற்கு நகல்வழி நிலம் என்று பொருள்படும் பெயர் ஏற்பட்டது. அதன் மேல் பழைய தண்டங்களும் கட்டணங்களும் ஒட்டிக்கொண்டே வந்தன. இந்நிலங்களை முழுவுரிமை நிலமாக மாற்றுவதற்கும் ‘என்ஃபிரான்சைஸ்’ என்ற சொல்லையே சட்டம் வழங்கியது. 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தினால், 1926 சனவரி முதல் நாளன்றுதான் எஞ்சியிருந்த நகல்வழி நிலங்கள் அனைத்தும் ஒரே அடியாக விடுவிக்கப்பட்டன. அப்போதும் பண்ணையின் தலைவர்க்கு இழப்பீடு உண்டு. நம் காலத்துப் பெரியவர்கள் சிலர் பிறந்துவிட்ட பின்னர் நடந்த செய்தி இது.

சொல் இதற்கிடையே வேறொரு கிளையும் விட்டது. ஓர் ஊருக்கு நாடாளுமன்ற உறுப்பினரை அனுப்பும் உரிமை தருவதையும் இச்சொல்லாலேயே குறித்தனர். 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் 56 பழைய ஊர்களிடமிருந்து அவ்வுரிமையைப் பறித்து, மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் போன்ற தொழில் நகரங்களுக்கு முதன்முறையாக வழங்கியது. ஊருக்கு வந்த உரிமை பின்பு ஊரிலுள்ள ஆளுக்கு என்று மாறி, 1867, 1884, 1918 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் படிப்படியாக விரிந்து, 1928-இல் பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகராக ஆயிற்று. வாக்குரிமை வழங்குதல் என்று இன்று அகராதிகள் இச்சொல்லுக்குத் தரும் பொருள் இவ்வாறு வந்தது.

ஆங்கிலேயர் சென்ற நாடெல்லாம் அவர்களுடைய சட்டச் சொற்களும் கப்பலேறிச் சென்றன. இந்தச் சொல் கனடாவில் செய்த வேலையைப் படித்த இளைஞர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அந்நாட்டுப் பழங்குடி மக்களைப் ‘படிப்படியாக நாகரிகப்படுத்துவதற்கு’ என்று 1857-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசவும் எழுதவும் படிக்கவும் தெரிந்து, நன்னடத்தை உடையவனாய், கடனற்றவனாய் இருக்கும் பழங்குடி ஆண்மகன் விண்ணப்பித்தால் அவனை ‘என்ஃபிரான்சைஸ்’ செய்வார்கள். ஐம்பது ஏக்கர் வரை நிலமும் தருவார்கள். (நன்னடத்தையும் கடனின்மையும் உரிமைக்குத் தகுதியென்று வெள்ளையர்க்கும் விதித்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பரோ!) இதற்கு அவன் கொடுக்க வேண்டிய விலை ஒன்று உண்டு. அந்த நாளிலிருந்து அவன் தன் இனத்தைச் சேர்ந்தவன் அல்லன். மனைவி மக்களும் அவ்வாறே. சட்டம் வந்து இருபதாண்டு அளவில், எலியாஸ் ஹில் என்ற ஒரே ஒருவர்தாம் இவ்வழியில் உரிமை பெற்றார் என்பது வரலாறு. மற்றவர்கள் தம் மக்களை விட்டு விலக உடன்படவில்லை.

விரும்பி வராதவர்களை என்ன செய்வது? 1876-ஆம் ஆண்டின் பழங்குடியினர் சட்டம் அதற்கு வழி வகுத்தது. பழங்குடியினரில் எவரேனும் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ, மருத்துவர் ஆனாலோ, வழக்கறிஞர் ஆனாலோ, கிறித்தவ மதகுருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டாலோ, அந்த நிகழ்ச்சியினாலேயே அவர் ‘என்ஃபிரான்சைஸ்’ ஆகிவிடுவார் என்றது அச்சட்டம். பட்டம் வாங்கினால் சொந்த மக்களிலிருந்து பெயர் நீக்கம். சில ஆண்டுகளில் இவ்விதியை விண்ணப்பித்தால்தான் என்று தளர்த்தினர். ஆனால் 1920-இல் விண்ணப்பமே இல்லாமல் ஒருவரை நீக்கும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. இரண்டு ஆண்டுகளில் கைவிட்டு, 1933-இல் சற்று மாற்றி மீண்டும் கொணர்ந்தது. இன அடையாளத்தை இழக்காமலே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அம்மக்கள் அனைவர்க்கும் 1960-இல்தான் கிடைத்தது. அந்தப் பழைய முறை அடியோடு ஒழிந்தது 1985-இல். இதே 1876 சட்டத்தில் ‘ஆள்’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் எழுதியிருந்தனர். பழங்குடியினர் அல்லாத ஒருவரே ‘ஆள்’ என்பது அதன் கருத்து. வில்லீனோடு வழக்காடினாலே அவனை மனிதன் என்று ஏற்றதாகும் என்று லிட்டில்டன் எழுதிய நாட்டின் சட்டம், நானூறு ஆண்டுக்குப் பின் இவ்வாறு எழுதத் துணிந்தது.

கல்வி கற்றவனை அவன் மக்களிடமிருந்து பிரித்தெடுக்க அங்கே சட்டம் வேண்டியிருந்தது. நம்மிடையே சட்டமின்றியே சிலர் அவ்வாறு பிரிந்து போவதுண்டு. அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. முகவரியும் பெயரும் மாற்றிக்கொள்ளும்படி அவர்களை நெருக்கிய சமூகத்தையும் நாம் அறிவோம்.

கனடாவின் சட்டம் வந்த மறு ஆண்டு, 1858-இல், சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைந்தது. பழைய அரசர்கள் கோயில்களுக்கும் பிராமணர்களுக்கும் ஊழியர்களுக்கும் விட்டிருந்த மானிய நிலங்களை ஆராய்ந்து, ஆண்டுதோறும் ஒரு சிறு வரி செலுத்த ஒப்புக்கொண்டவர்க்கு அந்நிலத்தை முழுச் சொந்தமாக்கித் தந்தனர். இதற்கும் ‘என்ஃபிரான்சைஸ்’ என்பதே பெயர். 1862-இலும் 1866-இலும் வந்த சட்டங்களின் தலைப்பிலேயே அச்சொல்லைக் காணலாம். கிராம ஊழிய மானியங்களுக்கும் இம்முறை விரிந்தது. நம்மவர் வீட்டுப் பழைய பெட்டிகளில் இனாம் பட்டயம் ஏதேனும் இருந்தால், கறையான் அரிப்பதற்குமுன் எடுத்துப் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நிலத்துக்கு அச்சொல் கிடைத்தது. அந்நிலத்தில் உழுதவனுக்குக் கிடைக்கவில்லை. 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தபோது, ஆண்டைகளுக்கு இரண்டு கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதியை அச்சட்டத்தினின்றும் விலக்கியது. இங்கு 1843-இல்தான் ஐந்தாம் சட்டம் வந்தது. அதில் நான்கே விதிகள். அரசு அலுவலர் எவரும் கடனுக்காகவோ வரிக்காகவோ ஆளை அடிமையென்று விற்கலாகாது. அடிமை என் உடைமை என்று கூறி வருவோரின் உரிமையை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றலாகாது. அடிமை என்ற காரணங்காட்டி ஒருவரது பொருளைப் பறிக்கலாகாது. உரிமையாளனுக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. விடுதலை செய்கிறோம் என்ற சொல் இவற்றில் எங்கும் இல்லை. சட்டம் தன் கையை விலக்கிக்கொண்டது. ஆண்டையின் கையைப் பிடித்துத் திறக்கவில்லை. களத்துமேட்டில் கடனென்றும் முன்பணமென்றும் வேறு பெயர்களில் அந்தப் பிடி தொடர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் நிகழ்ந்ததை ஓரிரு வரிகளில் கூறி மேற்செல்வோம். உள்நாட்டுப் போருக்குப் பின் 1870-இல் அரசமைப்பின் பதினைந்தாம் திருத்தம், நிறம் காரணமாக வாக்குரிமையை மறுக்கலாகாது என்றது. நிறத்தைச் சொல்லாமலே மறுக்க மிசிசிப்பி மாநிலம் 1890-இல் வழி கண்டது. தலைவரி கட்ட வேண்டும். அரசமைப்பின் ஒரு பகுதியைப் படித்தோ, படிக்கக் கேட்டோ பொருள் சொல்ல வேண்டும். சொன்ன பொருள் சரியா என்பதைத் தீர்மானிப்பவர் வெள்ளைக்கார அதிகாரி. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை இத்தகைய தேர்வுகள் நீடித்தன. படிப்பு உரிமைக்குப் படியாகவும் இருக்கலாம், தாழ்ப்பாளாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நம் நாட்டில் 1919 சனவரியில், வாக்குரிமை பற்றி ஆராய வந்த சவுத்பரோ குழுவின்முன் பம்பாயில் ஓர் இளம் பேராசிரியர் சான்றளித்தார். அப்போது டாக்டர் அம்பேத்கருக்கு வயது இருபத்தேழு. பிரதிநிதித்துவ உரிமையும் அரசுப் பணியில் அமரும் உரிமையுமே குடியுரிமையின் இரு பெரும் கூறுகள். தீண்டாமை இவ்விரண்டையும் தம் மக்களுக்கு எட்டாமல் வைத்திருக்கிறது என்று அவர் எடுத்துரைத்தார். சொத்தையும் வரியையும் அளவாகக் கொண்டால் சொத்தில்லாதவன் என்றும் வெளியேதான் நிற்பான் என்பதால், தீண்டப்படாதார்க்கு அத்தகுதியைத் தாழ்த்த வேண்டும் என்பதும் அவர் வாதம். அந்த ஆண்டின் சட்டம் அதைக் கேட்கவில்லை. சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா அவர்களும் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் அமர்ந்தது நியமனத்தின் வழியாகவே. அந்த நியமன இருக்கையில் அமர்ந்துகொண்டுதான், பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் நம் மக்கள் உரிமையோடு புழங்கலாம் என்ற தீர்மானத்தை 1924-இல் சீனிவாசன் அவர்கள் கொணர்ந்து நிறைவேற்றினார்.

1928-இல் சைமன் கமிஷனுக்கு அளித்த அறிக்கையில் டாக்டர் அம்பேத்கர் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கேட்டார். வட்டமேசை மாநாட்டில், சீனிவாசன் அவர்கள் உடனிருக்க, மீண்டும் கேட்டார். 1932-இல் லோதியன் குழுவில் உறுப்பினராகவும் இருந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் கையொப்பமான பூனா ஒப்பந்தம், மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்களை ஒதுக்கியது. சென்னையின் பங்கு 30. தனித் தொகுதியை விட்டுக்கொடுத்துப் பெற்ற இடங்கள் அவை. அந்த இழப்பைப் பற்றி நம்மிடையே இன்றும் இருவேறு கருத்துகள் உண்டு, மறைக்க வேண்டுவதில்லை. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வாக்காளர் தொகை மூன்று கோடிக்குமேல் உயர்ந்தது. சொத்து, வரி, படைப்பணி, கல்வி என்ற தகுதிகள் மட்டும் நீங்கவில்லை.

1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 326-ஆம் பிரிவை இந்த வரலாற்றின் ஒளியில் படித்துப் பாருங்கள். ‘என்ஃபிரான்சைஸ்’ என்ற சொல் அதில் இல்லை. வழங்குபவர் யாரும் அதில் இல்லை. குறித்த வயதை எய்திய, குடிமகனாகிய ‘ஒவ்வோர் ஆளும்’ வாக்காளராகப் பதிவு செய்யப்பெற உரிமையுடையவர் என்பதே அதன் அமைப்பு. செயப்படுபொருளாய் நின்றவன் எழுவாயின் இடத்தில் நிற்கிறான். கனடாவின் சட்டம் யாரை விலக்கி ‘ஆள்’ என்று எழுதியதோ, அத்தகையோரையும் உள்ளடக்கி இங்கே ‘ஒவ்வோர் ஆளும்’ என்று எழுதப்பட்டது. வரைவுக் குழுவின் தலைவர் யார் என்பதை நாம் கூறித்தான் தெரிய வேண்டுமா? அன்று இருபத்தொன்றாக இருந்த வயது 1989 முதல் பதினெட்டாயிற்று.

1951-52 பொதுத்தேர்தலில் வாக்காளர் ஏறத்தாழ 17 கோடியே 30 இலட்சம். நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். படித்தால்தான் வாக்கு என்றிருந்தால் நம் தாய்மார் பெரும்பாலோர் வாசலிலேயே நின்றிருப்பர். அதற்கு இடமின்றி, ஒவ்வொரு வேட்பாளர்க்கும் தனிப்பெட்டி வைத்து, பெட்டியின்மேல் சின்னம் ஒட்டினார்கள். படிக்காதவர்கள் சின்னம் பார்த்துச் சீட்டை இட்டார்கள். ஒரு குறை மட்டும் நேர்ந்தது. வடநாட்டில் பல பகுதிகளில் கணக்கெடுக்க வந்தவர்களிடம் பெண்கள் தம் பெயரைக் கூற மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே எழுதச் சொன்னார்கள். அப்படிப்பட்ட பதிவுகள் ஏறத்தாழ 28 இலட்சம். தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயரில்லாத பதிவு செல்லாது என்று கூறி அவற்றை நீக்கிவிட்டார். 1957-இல் அடுத்த தேர்தல் வருவதற்குள், அப்பெண்களைத் தத்தம் பெயரோடு பட்டியலில் எழுதுவதற்காக அலுவலர்கள் வீடுவீடாக மறுபடியும் சென்றார்கள்.